சும்மா இருந்தே கெட்டுப்போகும் கணினிகள்

பரணிலிருந்து நாற்பது வயதான ஒரு கணினி இறங்கி வருகிறது. யாரோ அதை அக்கறையாகத் துணியில் சுற்றி, அதன் சொந்த அட்டைப்பெட்டியிலேயே போட்டு வைத்திருக்கிறார்கள். மேலே ஒரு கீறல்கூட இல்லை. கடைசியாகப் போட்ட அன்று நன்றாக ஓடியது என்கிறார்கள். அடுத்து யாருக்கும் கை பிளக் பக்கம்தான் போகும். பழைய கணினிகளைச் சேர்த்துப் பழுதுபார்க்கிறவர்கள் புதிதாக வருபவரிடம் முதலில் சொல்வது, அந்தக் கையை இழுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். கரன்ட் கொடுக்காதீர்கள். முதலில் திறந்து பாருங்கள், மோந்து பாருங்கள், மீட்டர் வைத்து அளந்து பாருங்கள்.

இந்த எச்சரிக்கைக்குப் பின்னால்தான் இந்தப் பொழுதுபோக்கின் சூட்சுமமே இருக்கிறது. உபயோகித்தால் தேயும், எடுத்து வைத்தால் அப்படியே இருக்கும் என்பது நமக்கெல்லாம் ஊறிப்போன எண்ணம். கத்திக்கும் செருப்புக்கும் அது பொருந்தலாம், கணினிக்குப் பொருந்தாது. அதற்குள் ஓடித் தேயும் பாகங்கள் கொஞ்சம்தான். சும்மா கிடந்து கெடும் பாகங்கள் ஏராளம். பேட்டரி கசியும், மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் கெப்பாசிட்டர் காயும், ரப்பர் உருகும், பஞ்சு தூளாகும், காந்தத் தட்டில் பூசணம் பூக்கும். இதில் எதற்கும் சுவிட்சைத் தட்ட வேண்டியதில்லை. காற்றும் ஈரமும் காலமும் போதும். பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் வருடங்கள்தான் அதற்கு மிக மோசமான வருடங்கள்.

எதைப் பழைய கணினி என்பது என்பதற்குக் கறாரான கோடு கிடையாது. பலர் 1975 ஜனவரியில் தொடங்குவார்கள். பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையின் அட்டையில் ஆல்டேர் 8800 வந்த மாதம் அது. பாகங்களை வாங்கி நாமே கூட்டிக்கொள்ள வேண்டிய இயந்திரம். நினைவகம் 256 பைட். கீபோர்டும் இல்லை, திரையும் இல்லை, முன்பக்கத்தில் சுவிட்சுகளும் சின்னச் சின்ன விளக்குகளும்தான். 1977இல் ஆப்பிள் 2, கமடோர் பெட், டிஆர்எஸ்-80 மூன்றும் கூட்டி முடித்த நிலையில் கடைக்கு வந்தன. 1981இல் ஐபிஎம் 5150, அதே வருடக் கடைசியில் பிபிசி மைக்ரோ, 1982இல் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமும் கமடோர் 64உம். அப்புறம் மேகின்டோஷ், அமிகா. இப்போது 486 சிப் வைத்த 1990களின் பெட்டிகளைக்கூட ஆசையாகத் தேடுகிறார்கள்.

ஏலச் செய்திகளைப் பார்த்து இதைப் பணக்காரர்களின் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். 1976இல் சுமார் 200 மட்டுமே செய்யப்பட்ட ஆப்பிள் 1 ஒன்றை 2014இல் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் 9,05,000 டாலருக்கு எடுத்தது. அது ஒரு தனி உலகம். கமடோர் 64 ஒரு கோடிக்கும் மேல் விற்ற இயந்திரம். அதைப்போல லட்சக்கணக்கில் விற்று, பின்னால் யாருக்கும் வேண்டாமல்போய், மூலையில் கிடப்பவற்றைத்தான் பெரும்பாலான சேகரிப்பாளர்கள் தேடிப்போகிறார்கள். நிறைய இருக்கிறது என்ற தைரியத்திலேயே குப்பைக்குப் போனவையும் இவைதான்.

சரி, இதையெல்லாம் இன்றைய கணினியிலேயே எமுலேட்டர், அதாவது பழைய இயந்திரத்தைப் போலவே நடந்துகொள்ளும் நிரல், போட்டு ஓட்டலாமே, எதற்கு இந்தப் பாடு? இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன், ஏனென்றால் எமுலேட்டர்கள் உண்மையிலேயே அபாரமானவை. ஆனால் அந்தத் துல்லியம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். கமடோர் 64இன் ஒலிக்குப் பொறுப்பான சிட் சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருக்கும் ஒலி வடிகட்டி அனலாக் சுற்று. 6581 என்ற முதல் வகையில் ஒரு சிப்பின் வடிகட்டி இன்னொரு சிப்பின் வடிகட்டியைப் போல இருக்காது. உற்பத்தியில் வந்த சின்ன வேறுபாடுகள் அப்படியே காதில் கேட்கும். ஒரே பாட்டு இரண்டு இயந்திரங்களில் இரண்டு விதமாக ஒலிக்கும். எமுலேட்டர் எழுதியவர்கள் உயிரோடு இருக்கும் சிப்புகளை அளந்து அளந்துதான் அதைக் கணக்காக மாற்றினார்கள். அசல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்ததால்தான் நகல் அவ்வளவு சரியாக வந்தது.

எமுலேட்டரில் போட்டு ஓட்ட முதலில் ஃப்ளாப்பித் தட்டிலிருந்து தரவு வெளியே வந்தாக வேண்டும், அதுவும் இருக்கிறது. ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1985இல் அமிகாவை வெளியிட்ட விழாவில் மேடையிலேயே அதில் படம் வரைந்தார். அவர் அமிகாவில் வரைந்த வேறு படங்கள் ஃப்ளாப்பிகளில் பிட்ஸ்பர்கில் உள்ள அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் கிடந்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினிக் கழகத்து மாணவர்கள் அவற்றைப் பத்திரமாகப் படித்தெடுத்து, வழக்கில் இல்லாத அந்தக் கோப்பு வடிவத்தையும் பிரித்துப் புரிந்துகொண்டு, 2014இல் படங்களை வெளியே கொண்டுவந்தார்கள். கிட்டத்தட்ட முப்பது வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்த ஓவியங்கள் அவை.

இப்போது உள்ளே போவோம். முதல் குற்றவாளி பேட்டரி. கணினியை அணைத்த பிறகும் தேதியும் நேரமும் நினைவில் நிற்க வேண்டும் என்பதற்காக 1980களின் கடைசியிலும் 1990களின் தொடக்கத்திலும் மதர்போர்டிலேயே ஒரு குட்டிப் பீப்பாய் மாதிரியான நிக்கல் காட்மியம் பேட்டரியைச் சால்டர் செய்துவிட்டார்கள். பெரும்பாலும் 3.6 வோல்ட், மூன்று செல். கணினி ஓடும்போது அது சார்ஜ் ஆகிக்கொள்ளும். வருடக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் முழுக்க வடிந்து, அடைப்பு விட்டுப்போய், உள்ளே இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வெளியே ஊறும். அமிகா 500 பிளஸ், 2000, 3000, 4000 என்று பல மாடல்களும் எண்ணற்ற 286, 386, 486 போர்டுகளும் இப்படித்தான் செத்தன.

நான் திறந்த ஒரு 386 போர்டை இன்னும் மறக்கவில்லை. உறையைக் கழற்றியபோது எல்லாம் பளிச்சென்றுதான் இருந்தது. கீபோர்டு செருகும் மூலையில் மட்டும் பச்சையும் வெள்ளையுமாக ஒரு பொருக்கு. பேட்டரியின் பக்கத்தில் இருந்த சிப்பின் கால்கள் கறுத்து, தொட்டவுடன் ஒன்று முறிந்து வந்துவிட்டது. பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியில் வினிகரைத் தொட்டுப் பொருக்கின் மேல் வைத்தேன். சுர்ரென்று நுரைத்தது. கசிந்தது காரம். காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொண்டு அது கார்பனேட்டாக மாறி உட்கார்ந்திருக்கும், அமிலம் பட்டதும் அந்த வாயுதான் குமிழியாக வருகிறது. பச்சை நிறம் அரித்துப்போன செம்பு. நுரை அடங்கும்வரை துடைத்து, காய்ச்சி வடித்த நீரில் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஈரத்தை எடுத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன்.

அதற்கப்புறம்தான் உண்மையான வேலை. போர்டின் பச்சைப் பூச்சுக்கு அடியில், மின்சாரம் ஓடும் செம்புக் கோடுகளான டிராக்குகள் கறுத்து இருந்தன. ஒவ்வொன்றின் இரு முனையிலும் மல்ட்டிமீட்டரின் ஊசியை வைத்து பீப் சத்தம் வருகிறதா என்று பார்த்தபோது ஐந்து டிராக் கட். கண்ணுக்கு முழுசாகத் தெரிந்த ஒன்றும் அதில் சேர்த்தி. முடி மாதிரி மெல்லிய எனாமல் கம்பியின் நுனியைச் சுரண்டி, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒவ்வொன்றாகச் சால்டர் வைத்தேன். மூன்று மாலைகள் ஆயிற்று. கீபோர்டு வேலை செய்தது. பேட்டரிக்குப் பக்கத்திலேயே கீபோர்டு இணைப்பு இருக்கும் வடிவமைப்பு அந்தக் காலத்தில் பரவலாக இருந்ததால், எல்லாம் ஓடுகிறது, கீபோர்டு மட்டும் வேலை செய்யவில்லை என்று யாராவது சொன்னால் முதலில் அந்த மூலையைப் பார்க்க வேண்டும்.

பேட்டரி வெளிப்படையான எதிரி. கெப்பாசிட்டர் அப்படி இல்லை, அதில் பல சாதிகள் உண்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெடும். எல்லாக் கெப்பாசிட்டரையும் ஒரே மாதிரி நினைத்துவிடுவதுதான் புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு.

எலக்ட்ரோலிட்டிக் வகைக்குள் ஒரு திரவம் உண்டு. அதோடு அலுமினியத் தாளின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்றும் உண்டு, அந்தப் படலம்தான் மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும் சுவர். மின்னழுத்தம் கிடைக்கும்வரை சுவர் தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்ளும். வருடக்கணக்கில் மின்சாரமே இல்லாவிட்டால் சுவர் மெலியும். அந்த நிலையில் திடீரென்று முழு அழுத்தமும் வந்தால் கசிவு மின்னோட்டம் அதிகமாகி, கெப்பாசிட்டர் சூடாகி வீங்கும். அதனால்தான் பழைய, பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பவர் சப்ளைகளுக்கு அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அந்தப் படலத்தை மறுபடி வளர்த்தெடுப்பார்கள். ஸ்விட்ச் மோடு வகைப் பவர் சப்ளைக்கு இந்த வைத்தியம் சரிவராது. அது குறைந்த அழுத்தத்தில் ஒழுங்காகக் கிளம்பாமல் திணறும்.

1980களின் கடைசியில் போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டும் குட்டி எலக்ட்ரோலிட்டிக்குகள் வந்தன. இவற்றின் அடிப்பாகத்து அடைப்பு காலம் தாங்கவில்லை. மேகின்டோஷ் எஸ்இ/30, அமிகா 600, 1200, 4000 எல்லாவற்றிலும் இதே கதை. வெளியே உப்பிக்கொண்டு வராது, அடியில் சத்தமில்லாமல் கசியும். முதலில் ஒலி மெலியும். அப்புறம் திரையில் கோடுகள். கடைசியில் ஒன்றுமே வராது. சால்டரிங் அயர்னை அதன் காலில் வைத்த அடுத்த நொடி மீன் வாடை அடிக்கும். அந்த வாடை வந்தால் திரவம் வெளியே வந்துவிட்டது என்று உறுதி. பக்கத்துக் கெப்பாசிட்டர்களையும் தாமதிக்காமல் மாற்றிவிட வேண்டும்.

டான்டலம் வகை இன்னொரு ரகம். வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல், மின்சாரம் வந்ததும் உள்ளுக்குள் ஷார்ட் ஆகிவிடும். ஐபிஎம் 5150, 5160 போர்டுகளில் 12 வோல்ட் பாதையில் இருக்கும் டான்டலம் இதற்குப் பேர்போனது. சில சமயம் பட்டாசு மாதிரி வெடிக்கும். வெடிக்காமல் ஷார்ட் ஆனால் பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும், கணினி முழுக்கச் செத்ததைப்போலத் தெரியும். அந்த ஒற்றைக் கெப்பாசிட்டரின் காலை வெட்டினால் இயந்திரம் எழுந்துவிடும். ஒரு பைசா செலவில்லாமல் தீரும் பழுது அது, தெரியாமல் போர்டையே தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

அப்புறம் பிபிசி மைக்ரோவின் பவர் சப்ளையில், வரும் மின்சாரத்தின் குறுக்கே நிற்கும் காகிதக் கெப்பாசிட்டர்கள். ரிஃபா என்ற பெயரிலேயே எல்லோருக்கும் தெரியும். தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும் உறை. வருடங்களில் அந்த உறையில் முடி அளவு விரிசல்கள் விழும், விரிசல் வழியாக ஈரம் உள்ளே போகும். நாற்பது வருடம் கழித்து ஒருநாள் சுவிட்சைப் போட்டால் சில நிமிடங்களில் அறை முழுக்கப் புகை, கூடவே தொண்டையைக் கரிக்கும் நாற்றம். பலமுறை கணினி அதற்கப்புறமும் ஓடிக்கொண்டே இருக்கும். பயந்துபோய்க் கணினியே எரிந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். அதே இடத்துக்கென்று தரப்படுத்திய எக்ஸ்2 வகைப் புதிய கெப்பாசிட்டரைப் போட்டால் போதும்.

இதையெல்லாம் கேட்டதும் சிலர் ஒரு முடிவுக்கு வருவார்கள்: கையில் வந்த இயந்திரத்தில் இருக்கும் எல்லாக் கெப்பாசிட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுவது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கமடோர் 64 போர்டில் இருக்கும் பல எலக்ட்ரோலிட்டிக்குகளை அளந்து பார்த்தால் இன்றும் சரியான மதிப்பைக் காட்டும். அவற்றைக் கழற்றும்போதுதான் ஆபத்து. பழைய போர்டின் செம்பு வட்டங்கள் சூட்டில் எளிதாகப் பெயர்ந்து வந்துவிடும். கெடாத பாகத்தை மாற்றப்போய்க் கெடாத போர்டைக் கெடுத்த கதைகளை நிறையப் பார்த்தாகிவிட்டது. கசியும் என்று பெயரெடுத்த வகை என்றால் கேள்வியே கேட்காமல் மாற்றுங்கள். மற்றதை அளந்து பார்த்து முடிவெடுங்கள்.

பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி நடக்கும் என்று ஒரே ஒரு உதாரணத்தில் காட்டுகிறேன். கமடோர் 64, சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்கு எரிகிறது, திரை கறுப்பாகவே நிற்கிறது. மிகச் சாதாரணமான புகார் இது. அனுபவசாலி முதலில் கணினியைத் தொடவே மாட்டார், அதன் பவர் சப்ளையைத்தான் பார்ப்பார். அந்தச் செங்கல் மாதிரியான பெட்டிக்குள் எல்லாவற்றையும் எபாக்சி ஊற்றி மூடிவிட்டார்கள். சூடு வெளியேற வழியில்லை. உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் ஒருநாள் கெடும்போது 5 வோல்ட் கீழே போகாமல் மேலே ஏறிவிடும். இந்தச் சிப்புகளுக்கு 5.25 வோல்ட்டுக்கு மேல் போனாலே வரம்பு மீறல். முதலில் பலியாவது நினைவகச் சிப்புகள். ஆகவே அந்தப் பெட்டியை ஓரம் வைத்துவிட்டு, நம்பிக்கையான வேறு சப்ளையில்தான் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டும். பழைய பெட்டியோடு சோதித்தால் நீங்கள் மாற்றிப்போடும் நல்ல சிப்பும் போய்விடும்.

இப்போது நினைவகம். 64 கிலோபைட்டும் எட்டுச் சிப்புகளில் இருக்கிறது. ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு பைட்டிலும் ஒரே ஒரு பிட்டை மட்டும் வைத்துக்கொள்ளும். எட்டுப் பேர் சேர்ந்து ஒரு சொல்லை ஆளுக்கொரு எழுத்தாகச் சொல்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஊமையானால் ஒரு சொல்கூடச் சரியாக வராது. அதனால்தான் ஒரே சிப் கெட்டாலும் கணினி முழுக்கக் கறுப்பாகிவிடுகிறது. கணினியே எழவில்லை என்றால் சோதிக்கும் நிரலை எதில் ஓட்டுவது? அதற்கு டெட் டெஸ்ட் என்ற ஒரு கார்ட்ரிட்ஜ் உண்டு. நினைவகத்தை நம்பாமல் தானே ஓடும்படி எழுதப்பட்ட நிரல். செருகிச் சுவிட்சைப் போட்டால் சில விநாடி மௌனம், அப்புறம் திரை வெள்ளையாகப் பளிச் பளிச்சென்று விட்டு விட்டு மின்னும். எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணினால் எட்டில் எந்தச் சிப் என்று தெரிந்துவிடும். எந்த அளவுக்கு யோசித்து எழுதியிருக்கிறார்கள் பாருங்கள். பேச முடியாத இயந்திரத்திடமிருந்து கண்ணடித்தே பதில் வாங்கும் வித்தை.

கார்ட்ரிட்ஜ் இல்லாதவர்களுக்கு விரல் இருக்கிறது. சில நிமிடம் ஓடவிட்டு எட்டையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஏழு வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் விரல் வைக்க முடியாமல் கொதித்தால் சந்தேகம் அதன்மேல்தான். இன்னொரு வழி, நல்ல சிப் ஒன்றை அதன் முதுகிலேயே காலோடு கால் பொருந்த ஏற்றி உட்காரவைத்துச் சுவிட்சைப் போடுவது. திரையில் ஏதாவது மாற்றம் வந்தால் அடியில் இருப்பவன்தான் ஆள். ஆனால் மாற்றம் வராவிட்டால் அது நிரபராதி என்று அர்த்தமில்லை, செத்த சிப் சில சமயம் பாதையையே அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்.

கண்டுபிடித்தாகிவிட்டது, கழற்ற வேண்டும். இங்கே எனக்குப் பிடித்த ஒரு நியாயம் இருக்கிறது. சிப்பை முழுசாக எடுக்க ஆசைப்படாதீர்கள். அதன் பதினாறு கால்களையும் சின்ன கட்டரால் உடம்போடு ஒட்டி வெட்டிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு காலாகச் சூடாக்கி இடுக்கியால் இழுத்தால் வலிக்காமல் வரும். துளைகளில் மிஞ்சிய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, அங்கே ஒரு சாக்கெட் வையுங்கள். சிப் போனால் வேறு சிப் கிடைக்கும், போர்டு போனால் கிடைக்காது. எதைப் பலி கொடுத்து எதைக் காப்பாற்றுகிறோம் என்ற தெளிவு கைக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வேறு சிப் கிடைக்கும் என்றேன், எல்லாவற்றுக்கும் அப்படிச் சொல்ல முடியாது. சாதாரண நினைவகச் சிப்பும் 74 வரிசை லாஜிக் சிப்பும் கிடைக்கும். ஆப்பிள் 2இன் மூளையாக இருந்த 6502இன் வழிவந்த 65சி02வை இன்றும் செய்கிறார்கள். ஆனால் ஸ்பெக்ட்ரம் முதல் எத்தனையோ இயந்திரங்களின் மூளையாக இருந்த இசட்80இன் தனிச்சிப்பு உற்பத்தி முடிவுக்கு வருவதாக 2024இல் அதன் நிறுவனமே அறிவித்தது. ஒரு கம்பெனி தன் சொந்த இயந்திரங்களுக்கென்று வடிவமைத்த சிட், திரைப் படத்துக்குப் பொறுப்பான விக்-2 மாதிரியான சிப்புகளோ பல வருடங்களுக்கு முன்பே நின்றுபோனவை. அவற்றுக்கு இரண்டே வழி. ஒன்று, மீட்கவே முடியாத இன்னொரு இயந்திரத்திலிருந்து எடுப்பது. இன்னொன்று, எஃப்பிஜிஏ போன்ற நிரலாக்கச் சிப்பில் பழைய சிப்பின் நடத்தையை அப்படியே எழுதி அதே அளவில் ஒரு பலகையாகச் செய்வது. இரண்டாவது வழி வளர வளர முதல் வழியின் நெருக்கடி குறைகிறது. நான் அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் மாற்றுப் பலகை போட்ட இயந்திரத்தை யாரிடமாவது கொடுக்கும்போது அதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

பிளாஸ்டிக் மஞ்சளாவதைப் பற்றிப் பலருக்கும் பெரிய கவலை. ஏபிஎஸ் பிளாஸ்டிக் புற ஊதா ஒளியாலும் காற்றிலுள்ள ஆக்சிஜனாலும் நிறம் மாறும், இருட்டுப் பெட்டிக்குள்ளும் மாறியிருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடைப் பூசி வெயிலிலோ புற ஊதா விளக்கிலோ வைத்தால் பழைய நிறம் திரும்பும். 2008 வாக்கில் பரவிய இந்த முறைக்கு ரெட்ரோபிரைட் என்று பெயர். சில வருடத்தில் மஞ்சள் திரும்பி வருவதும் உண்டு. சீராகப் பூசாவிட்டால் மார்பிள் மாதிரிக் கறை விழும், அது போகவே போகாது. உடைந்தால் வேறு கிடைக்காத மேலுறையில் நான் இதைச் செய்யமாட்டேன்.

ரப்பரைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். டேப் ஓட்டியிலும் 3 அங்குல டிஸ்க் டிரைவிலும் இருக்கும் பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டிக்கொள்ளும், துடைத்துவிட்டுப் புதிது போட வேண்டும். ஸ்பெக்ட்ரமின் கீபோர்டுக்கு அடியில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளின் வால் காய்ந்து முறியும், அதுவும் புதிதாகச் செய்து கிடைக்கிறது. படக்குழாய் வைத்த மானிட்டரைத் திறப்பது மட்டும் தனி விஷயம். அணைத்த பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். தெரிந்தவர் பக்கத்தில் இருந்து சொல்லித்தராமல் அதில் கை வைக்காதீர்கள்.

ஃப்ளாப்பி தட்டுகள் நேரத்தோடு போட்டிபோடும் இன்னொரு களம். பூசணம் பிடித்த தட்டு, வட்ட வட்டமாக மங்கல் தெரியும். அதை அப்படியே நல்ல டிரைவில் போட்டால் தட்டைப் படிக்கும் தலைப்பகுதியில் அழுக்கு ஏறி, அடுத்து போடும் நல்ல தட்டையும் கீறிவிடும். இப்போது கிரீஸ்வீசில், கிரையோஃப்ளக்ஸ் போன்ற கருவிகள் தட்டில் எழுதியிருக்கும் கோப்பைப் படிப்பதில்லை, காந்தத் திசை எந்தெந்தக் கணத்தில் மாறுகிறது என்பதை அப்படியே பதிவுசெய்கின்றன. எந்தக் கம்பெனியின் எந்த வடிவம் என்று தெரியாமலே எடுத்து வைத்துக்கொண்டு, பொருளைப் பிறகு நிதானமாகப் பிரித்தறியலாம். ஒரு தட்டு ஒரே ஒரு முறைதான் தாங்கும் என்ற நிலையில் இது எவ்வளவு பெரிய வரம் என்று யோசித்துப் பாருங்கள்.

தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்கு பிபிசியின் டூம்ஸ்டே திட்டமே சாட்சி. 1086இல் இங்கிலாந்தில் எடுத்த நிலக் கணக்கெடுப்பின் 900ஆம் ஆண்டை ஒட்டி, 1986இல் நாட்டின் அன்றாட வாழ்க்கையை லேசர் டிஸ்க்கில் பதிந்தார்கள். பதினைந்து வருடம் தாண்டுவதற்குள் அதைப் படிக்கும் கருவிகள் அரிதாகிவிட்டன. லீட்ஸ், மிஷிகன் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய கேமிலியான் திட்டம் 2002இல்தான் அதை மறுபடி ஓட்டிக் காட்டியது. 1086இன் தோல் ஏட்டை இன்றும் படிக்க முடிகிறது.

தனி ஆட்கள் வீட்டு மேசையில் செய்வதையே பெரிய அளவில் செய்கிற இடங்களும் உண்டு. கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூவில் இருக்கும் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் தன்னார்வலர்கள் பிடிபி-1 என்ற பழைய கணினியை உயிர்ப்பித்து, 1962இல் அதற்கென்றே எழுதிய ஸ்பேஸ்வார் விளையாட்டை அதன் வட்டத் திரையிலேயே ஓட்டுகிறார்கள். உலகத்தில் மொத்தமே 53 பிடிபி-1கள்தான் செய்யப்பட்டன. இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் உள்ள தேசியக் கணினி அருங்காட்சியகத்தில் 1951இல் முதன்முதலில் ஓடிய ஹார்வெல் டெகட்ரான் என்ற 2.5 டன் இயந்திரம் 2012 நவம்பரில் மறுபடி ஓட ஆரம்பித்தது. அசல் பாகங்களோடு ஓடும் டிஜிட்டல் கணினிகளில் உலகிலேயே பழையது அதுதான் என்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய ரகசியச் செய்திகளை உடைக்க உதவிய கொலோசஸும் அதே இடத்தில் இருக்கிறது, ஆனால் அது அப்படிப்பட்டது இல்லை. போருக்குப் பிறகு அசல்களைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். டோனி சேல் தலைமையிலான குழு சில புகைப்படங்களையும் சுற்று வரைபடத் துண்டுகளையும் வைத்து வருடக்கணக்கில் உழைத்து, 2007இல் மறுபடி கட்டி முடித்தது. ஒன்று மீட்டது, இன்னொன்று மறுபடி செய்தது. இரண்டும் ஒரே கூரைக்கு அடியில் நிற்பது, அசல் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று நம்மை யோசிக்க வைக்கிறது.

இந்தக் கேள்வி சின்ன மேசைக்கும் வரும். ஓடவைப்பதற்காக எவ்வளவு மாற்றலாம்? என் கணக்கு இது: திரும்பச் செய்யக்கூடிய மாற்றம் எதுவும் பரவாயில்லை. ஃப்ளாப்பி டிரைவுக்குப் பதில், யுஎஸ்பி டிரைவில் இருக்கும் கோப்பை ஃப்ளாப்பியாகக் காட்டும் கோட்டெக் எமுலேட்டரைச் செருகலாம், பழைய டிரைவை எடுத்து வைத்துக்கொண்டால் போதும். உறையில் துளை போடுவது, போர்டை வெட்டுவது எல்லாம் திரும்பி வராத வேலை. கழற்றிய பாகங்களைச் சின்ன பையில் போட்டு அதே பெட்டிக்குள் வையுங்கள். என்ன செய்தீர்கள், என்றைக்கு, எந்த மதிப்புள்ள கெப்பாசிட்டர் என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்துவிடுங்கள். மைக்ரோசாஃப்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் ஆலன் சியாட்டிலில் 2012இல் திறந்த லிவிங் கம்ப்யூட்டர்ஸ் அருங்காட்சியகத்தில் பழைய பெருங்கணினிகளைப் பார்வையாளர்கள் உட்கார்ந்து ஓட்டவே விட்டார்கள். அவர் 2018இல் இறந்தார், 2020இல் கதவு மூடியது, 2024இல் இனித் திறக்காது என்ற அறிவிப்பு வந்து பல பொருட்கள் ஏலத்துக்குப் போயின. அவ்வளவு பணமும் ஆட்களும் இருந்த சேகரிப்பே கை மாறுகிறதென்றால், நம் மேசையில் இருப்பதும் ஒருநாள் வேறொருவர் கைக்குப் போகும். அந்த ஆளுக்கு நம் தாள் வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் செய்ய நேரமில்லை, ஆனால் வீட்டில் ஒரு பழைய கணினி இருக்கிறது என்பவர்களுக்கு ஒரே ஒரு வேலை சொல்கிறேன், பத்து நிமிடம் ஆகும். பிளக்கைச் செருகாமல் நாலு திருகைக் கழற்றி மூடியைத் திறங்கள். மதர்போர்டில் பீப்பாய் மாதிரி ஒரு பேட்டரி சால்டர் செய்து இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே பழைய மேகின்டோஷ்களில் இருப்பதுபோல ஹோல்டரில் குட்டையான லித்தியம் பேட்டரி இருந்தால் அதையும் உருவி எடுத்துவிடுங்கள். பீப்பாயின் இரண்டு காலையும் ஒவ்வொன்றாகக் கட்டரால் வெட்டுங்கள், முதல் காலை வெட்டிய உடன் அதன் மேல் டேப்பைச் சுற்றுங்கள். சுற்றிலும் வெள்ளையோ பச்சையோ தெரிந்தால் வினிகரைத் தொட்டுத் துடைத்து, கழுவி, நன்றாகக் காயவைத்து மூடுங்கள். தேதி இனி நினைவில் நிற்காது, அவ்வளவுதான். பெட்டிக்கு மேல் 'பேட்டரி எடுத்தாயிற்று' என்று தேதியோடு எழுதிவிட்டுப் பரணில் ஏற்றலாம்.